அடிக்கிற வீட்டிலிருந்து பத்திரமாக வெளியே வருவது எப்படி

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஒரு தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள்ளேயே இருக்கிற வீட்டில், ஒன்பது வருசம் குடித்தனம் பண்ணினேன். பக்கத்து வீடு என்றால் ரெண்டு காடு தள்ளித்தான். ராத்திரி கத்தினால் நாய் குரைக்கும், அவ்வளவுதான். கொங்கு நாட்டில் நிறையப் பேருக்கு வீடு இப்படித்தான் அமைகிறது, ஊருக்குள் வளவில் இல்லாமல் அவரவர் தோட்டத்துக்குள்ளேயே. "அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள்" என்று மற்றவர்கள் தரும் யோசனை நமக்குப் பாதிக்கு மேல் உதவாது. எது உதவும் என்பதை நான் பட்டதிலிருந்தும், அப்புறம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் கூட நின்ற பெண்கள் சொன்னதிலிருந்தும், எனக்கு வழக்கு நடத்திய வக்கீலம்மா சொல்லிக்கொடுத்ததிலிருந்தும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் இதைப் படிக்கிற போன் வீட்டுக்காரர் எடுத்துப் பார்க்கிற போன் என்றால், படித்து முடித்ததும் ஹிஸ்டரியில் இதை மட்டும் அழித்துவிடுங்கள். மொத்தமாக அழித்தால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும்.

அடி விழுவதற்கு முன்னாலேயே தெரியும்

எனக்கு முதல் அறை விழுந்தது மூன்றாவது வருசம். ஆனால் அதற்கு முந்தைய ரெண்டு வருசத்தில் என்ன நடந்தது என்று இப்போது திரும்பிப் பார்த்தால், நான் நடமாடுகிற வழியெல்லாம் ஒவ்வொன்றாக அடைபட்டிருக்கிறது. முதலில் போன். "யாருகிட்ட இத்தனை நேரம் பேசுன?" என்று என் கணவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அப்புறம் ஒவ்வொரு நாளும் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கையை நீட்டுவார், நான் போனை எடுத்து அவர் கையில் வைக்க வேண்டும். அடுத்தது கூடப் படித்த தோழிகள். அடுத்தது என் அண்ணன் வீட்டுக்குப் போவது. கடைசியில் எனக்கென்று மிச்சமிருந்தது காலையிலும் சாயந்திரமும் பால் சொசைட்டிக்குப் போய்வருகிற அரை மணி நேரம் மட்டும்தான். பால் காசு அவர் பெயரில் போய்விடும்.

அதனால் "கை நீட்டுகிறாரா இல்லையா" என்பதை மட்டும் வைத்து அளக்காதீர்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அவரைக் கேட்காமல் நூறு ரூபாய் செலவழிக்க முடியுமா? அம்மாவுக்குப் போன் பண்ணினால் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே பேசுகிறீர்களா? அவர் வண்டி மண் தடத்தில் திரும்புகிற சத்தம் கேட்டதும் வயிறு இறுகுகிறதா? எனக்கு இறுகும். இன்றைக்கும் புல்லட் சத்தம் கேட்டால் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது.

இதையெல்லாம் சட்டமும் வன்முறை என்றுதான் சொல்கிறது. பலருக்கு இது தெரியாது. 2005-ல் வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் உடலை அடிப்பது, விருப்பமில்லாமல் பாலுறவுக்குக் கட்டாயப்படுத்துவது, சொல்லாலும் மனதாலும் வதைப்பது, பணத்தை வைத்து வதைப்பது என்று நாலையும் சேர்த்தே பேசுகிறது. இந்த நாலாவதில் நம்ம பக்கத்துக்கென்றே சில வகை உண்டு. கல்யாணத்துக்குப் போட்ட நகை ஆறு மாதத்தில் அடகுக்கடைக்குப் போய்விடும், கேட்டால் "தோட்டத்துக்குத்தானே போட்டேன்" என்பார்கள். இன்னொன்று குழுக் கடன். மைக்ரோ பைனான்ஸில் பெண்களுக்குத்தான் கொடுக்கிறார்கள் என்பதால் உங்களைக் கையெழுத்துப் போட வைத்து, காசை அவர் எடுத்துக்கொள்வார். தவணைக்கு வீட்டு வாசலில் வந்து நிற்பவர் உங்களைத்தான் திட்டுவார். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் மூன்று கம்பெனியில் இப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தாள், மூன்றிலும் ஒரு ரூபாய் அவள் கையால் தொடவில்லை. மகளிர் உரிமைத்தொகை உங்கள் கணக்குக்கு வந்து ஏடிஎம் கார்டு அவர் பாக்கெட்டில் இருந்தால் அதுவும் இதே கணக்குத்தான்.

அடித்த பிறகு வருகிற நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஆறு வருசம் கூடுதலாக இருந்தது அந்த நாட்களுக்காகத்தான். அடித்த மறுநாள் மல்லிகைப்பூ வரும், தாராபுரத்திலிருந்து பரோட்டா பார்சல் வரும், பையன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணுவார். அழுவார், நிஜமாகவே அழுவார். ஒரு வாரம், பத்து நாள் நன்றாக இருக்கும். அப்புறம் சின்னச் சின்னதாகக் குத்தல், வீடு முழுக்க ஒரு இறுக்கம், ஒருநாள் உப்பு குறைந்ததற்கு மறுபடியும் அடி. அந்த நல்ல நாட்கள்தான் நிஜமான அவர் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சுற்றிச் சுற்றி இதேதான் வருகிறது என்றால், நடுவில் வருகிற பூவும் அந்தச் சுற்றில் ஒரு பகுதிதான்.

"குடிச்சா மட்டும்தான் அப்படி, மத்தபடி தங்கம்" என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். குடித்துவிட்டுத் தறி முதலாளியை அடிக்கிறாரா? டாஸ்மாக் வாசலில் போலீஸ் ஜீப்பைப் பார்த்தால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடத் தெரிகிறதுதானே? யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக்கூடாது என்பது போதையிலும் தெரிகிறது.

நீங்கள் மட்டும்தான் இப்படி மாட்டிக்கொண்டீர்கள் என்று நினைக்க வேண்டாம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் கல்யாணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறக்குறைய 38 சதவீதம் பேர் கணவரிடம் வன்முறையை அனுபவித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சில அடையாளங்கள் மட்டும் தனி. கழுத்தை நெரித்தது ஒரு தடவையானாலும் சரி, கர்ப்பமாக இருக்கும்போது அடித்தது, அரிவாளையோ கத்தியையோ எடுத்துக் காட்டியது, "நீ போனா உன்னையும் குழந்தையையும் முடிச்சுட்டு நானும் போயிருவேன்" என்று சொன்னது, நீங்கள் போகிற இடமெல்லாம் பின்னால் வருவது. இதில் ஒன்று இருந்தாலும் உயிருக்கு ஆபத்து அருகில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்லும் தயாரிப்பையெல்லாம் சுருக்கிக்கொண்டு சீக்கிரம் வெளியே வரப் பாருங்கள். கழுத்தை நெரித்த பிறகு குரல் மாறினாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வெளியே காயம் தெரியாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்வீக்கம் சில மணி நேரம் கழித்துக்கூட வரும்.

கிளம்புவதற்கு முன்னால்

கோபத்தில் "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். இது நான் தப்பாகச் செய்தது, முதல் தடவை. பிரியப் போகிறோம் என்று அவருக்குத் தெரிகிற நேரமும் பிரிந்த உடனே வருகிற நாட்களும்தான் இருப்பதிலேயே ஆபத்தானவை. சொல்லாமல் தயாராகுங்கள், சொல்லாமல் கிளம்புங்கள்.

ஒரே ஒரு ஆளிடம் மட்டும் முழுதாகச் சொல்லுங்கள். எனக்கு அது சொசைட்டியில் பால் அளக்கிற அக்கா. என் கன்னத்தைப் பார்த்துவிட்டு அவர் எதுவும் கேட்கவில்லை, "அம்மிணி, எப்ப வேணாலும் சொல்லு" என்று மட்டும் சொன்னார். நானும் அவரும் பேசி வைத்துக்கொண்டது இதுதான்: காலை ஆறரை மணிக்குள் என் பால் வராவிட்டால் அவர் எனக்குப் போன் பண்ண மாட்டார், நேராக என் அண்ணனுக்குப் பண்ணுவார். நான் போன் பண்ணி "அக்கா, ஒரு மூட்டை புண்ணாக்கு எடுத்து வையுங்க" என்றால் உடனே அவசர உதவி எண் 112-க்கு அடித்து எங்கள் தோட்டத்துக்கு வழி சொல்வார். உங்களுக்கு அது பள்ளிக்கூட டீச்சராக இருக்கலாம், அங்கன்வாடி அம்மாவாக இருக்கலாம், கூட ஷிப்ட் பார்க்கிறவராக இருக்கலாம். அவர் பக்கத்துச் சொந்தமாக மட்டும் இருக்க வேண்டாம். தோட்டத்து வீடு என்றால் வழி சொல்வது பெரிய பாடு, அதனால் எந்த பஸ் ஸ்டாப்பில் திரும்பி எந்த வேப்பமரத்துக்கு அப்புறம் என்பது வரைக்கும் அந்த ஆளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், முடிந்தால் இடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு உங்கள் போனில் மட்டும் அழித்துவிடுங்கள்.

அடுத்தது காகிதங்கள். பால் கேன் வைத்துப் போகிற ஒயர்கூடையில், அடியில் விரித்த துணிக்குக் கீழே, ஒரு நடைக்கு ஒரு காகிதமாக வெளியே கொண்டுபோனேன். ரெண்டு வாரம் ஆனது. ஆதார், வங்கிப் பாஸ்புத்தகம், பையனுடைய பிறப்புச் சான்றிதழ், என் பத்தாவது மார்க் ஷீட், கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டுகிற போட்டோ ஒன்று. எல்லாவற்றையும் அக்கா அவர் வீட்டு பீரோவில் வைத்திருந்தார். ரேஷன் கார்டு காணாமல் போனால் வீட்டில் உடனே தெரிந்துவிடும், அதைப் போட்டோ எடுத்தால் போதும். நகைக்கடை பில், அடகு ரசீது, அவருடைய சம்பளச் சீட்டு, வண்டி ஆர்.சி., பட்டா சிட்டா, இதெல்லாம் கண்ணில் பட்டால் அதையும் போட்டோ எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனில் அழித்துவிடுங்கள். பிற்பாடு ஜீவனாம்சம் கேட்கும்போது "எனக்கு வருமானமே இல்லீங்க" என்று அவர் நீதிமன்றத்தில் நிற்பார், அப்போது இதெல்லாம் பேசும்.

காயம் பட்டால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாமல், யார் அடித்தது என்று சொல்லுங்கள். அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், ஏ.ஆர். காப்பி என்பார்கள். வழக்கில் அதைவிடப் பெரிய சாட்சி கிடைப்பது கஷ்டம். நான் மூன்று தடவை வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன், அந்த மூன்று காயத்துக்கும் இன்றைக்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

பணத்துக்கு, அவர் கணக்கு வைத்திருக்காத வேறு வங்கியிலோ போஸ்ட் ஆபீசிலோ உங்கள் பெயரில் ஒரு கணக்கு ஆரம்பியுங்கள். புதுக் குழுக் கடன் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், தலைவலி, குழுத் தலைவி ஊரில் இல்லை, அடுத்த வாரம் என்று எதையாவது சொல்லித் தள்ளிப்போடுங்கள். போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, இணைக்கப்பட்ட சாதனங்கள் என்று இருக்கும் இடத்தில் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் மேப்பில் உங்கள் இருப்பிடம் அவருக்குப் போய்க்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இப்போதே அணைக்க வேண்டாம், அணைத்தால் தெரிந்துவிடும். கிளம்புகிற அன்றைக்கு அந்தப் போனை நம்பாமல் இருந்தால் போதும்.

அதுவரைக்கும் சண்டை மூளுகிற நேரத்தில் சமையலறைக்குள்ளும் மாட்டுக் கொட்டகைக்குள்ளும் போய் நிற்காதீர்கள், கிணற்றடிப் பக்கம் ஓடாதீர்கள். வாசலும் தடமும் இருக்கிற பக்கமாக நில்லுங்கள். பையனிடம் "அப்பாவைத் தடுக்காதே, சத்தம் கேட்டா நேரா அக்கா வீட்டுக்கு ஓடு" என்று சொல்லி வைத்திருந்தேன். ஏழு வயசுப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுத்த அன்றைக்குத்தான் இந்த வீட்டில் இனி இருக்கக்கூடாது என்று எனக்குப் பிடிபட்டது. செத்துவிடலாம் என்று தோன்ற ஆரம்பித்தால், தனியாக இருக்காமல் அந்த ஒரு ஆளிடம் போய்விடுங்கள், மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

கிளம்புகிற நாள்

வார நாள் காலையாக இருக்கட்டும். பனியன் கம்பெனிப் பக்கம் சனிக்கிழமை சம்பளம், அன்றைக்கு ராத்திரி குடி, அடி, ஞாயிறன்று ஆபீஸ் எதுவும் திறந்திருக்காது. உயிருக்கு ஆபத்தென்றால் எந்த நேரமும் கிளம்ப வேண்டியதுதான், நாள் பார்க்க முடியாது. நேரம் கிடைத்தால் திங்கட்கிழமை நல்லது. கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது, எல்லா அதிகாரிகளும் இருப்பார்கள். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது இந்த விஷயத்தில் எத்தனை பெரிய உதவி என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன். பஸ்ஸுக்குக்கூட அவரிடம் காசு கேட்காமல் ஊரைத் தாண்ட முடிந்தது.

குழந்தைகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். "அப்புறமா வந்து கூட்டிக்கலாம்" என்று விட்டுவிட்டு வந்தவர்கள் குழந்தையைப் பார்க்கவே மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

எங்கே போவது? அம்மா வீடுதான் நினைவுக்கு வரும், அவருக்கும் அதுதான் முதலில் நினைவுக்கு வரும். அங்கே போவதாக இருந்தால் அன்றைக்கே அந்த ஊர் ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்துவிடுங்கள். போக இடமே இல்லையென்றால் பெண்கள் உதவி எண் 181-க்கு அடியுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் சகி என்கிற ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, அங்கே ஐந்து நாள் வரை தங்கலாம், சிகிச்சை, கவுன்சலிங், போலீஸ், சட்ட உதவி எல்லாவற்றுக்கும் அவர்களே வழி பண்ணுவார்கள். அதற்கு மேல் தங்க வேண்டுமென்றால் காப்பகத்துக்கு அனுப்புவார்கள்.

ஸ்டேஷனும் கோர்ட்டும்

நான் முதலில் போன மகளிர் ஸ்டேஷனில் "குடும்பப் பிரச்சனைம்மா, பேசிக்கிட்டுப் போங்க" என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். நான் வாயால் சொன்னதுதான் தப்பு. எழுதிக் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் போதும்: தேதி, நேரம், என்ன செய்தார், யார் பார்த்தார்கள், என்ன ஆதாரம், உங்களுக்கு என்ன வேண்டும். ரெண்டு பிரதி. கொடுத்ததும் புகாரை வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள், அது உங்கள் உரிமை. வாங்க மறுத்தால் கோவை, திருப்பூர், சேலம் மாதிரி மாநகரப் போலீஸ் இருக்கிற ஊர் என்றால் கமிஷனருக்கும், மற்ற ஊர்கள் என்றால் மாவட்ட எஸ்.பி.க்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கணவரும் அவர் வீட்டாரும் செய்கிற கொடுமைக்கான பிரிவு, முன்பு 498ஏ என்று இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-வது பிரிவு. மூன்று வருசம் வரை சிறை.

ஆனால் எல்லாருக்கும் அவரைச் சிறைக்கு அனுப்ப மனம் வருவதில்லை. எனக்கும் வரவில்லை. அடி நின்றால் போதும், பையனுக்குச் சோறு வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன். அதற்குத்தான் அந்த 2005 சட்டம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில், பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே, பாதுகாப்பு அலுவலர் இருப்பார். அவர் நடந்ததைக் கேட்டு அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அனுப்புவார். விவாகரத்து கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அருகில் வரக்கூடாது என்று உத்தரவு, வீட்டில் குடியிருக்கும் உரிமை, மாதச் செலவு, குழந்தையை உங்களிடமே வைத்திருப்பது, நகையைத் திருப்பித் தருவது, எல்லாம் ஒரே மனுவில் கேட்கலாம். முதல் விசாரணையை மூன்று நாளுக்குள் வைக்க வேண்டும், 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் இழுக்கும், என்னுடையது ஒரு வருசத்துக்கு மேல் இழுத்தது. அதனால் முதல் நாளே இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்லுங்கள், அவசரம் இருந்தால் எதிர்த்தரப்பு வராமலேயே கொடுக்க முடியும். அருகில் வரக்கூடாது என்கிற பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருசம் வரை சிறை.

கணவர் வீடு நாமக்கல்லாக இருந்து நீங்கள் கோவையில் ஹாஸ்டலில் இருந்தாலும் கோவையிலேயே மனு போடலாம். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, உனக்கு உரிமை இல்லை என்பார்கள். நீங்கள் மருமகளாகக் குடியிருந்த வீடென்றால் மாமனார் பெயரில் இருந்தாலும் உரிமை கேட்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாமியாரும் நங்கையாவும் (நாத்தனார்) சேர்ந்து வதைத்தால் அவர்களையும் மனுவில் சேர்க்கலாம். தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கும், மகனிடம் அடி வாங்குகிற அம்மாவுக்கும் இதே சட்டம் உண்டு. வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். போன் 15100.

காதலித்தவன் போட்டோ, வீடியோவை வைத்து மிரட்டினால் கேட்டதைக் கொடுத்து அடக்க முடியாது, அடுத்தது கேட்பான். மிரட்டிய மெசேஜை அழிக்காமல் வைத்து சைபர் குற்ற உதவி எண் 1930-க்கோ போலீஸுக்கோ போங்கள். பெயர் வெளியே வந்துவிடும் என்றுதான் பயப்படுகிறோம். பெண்களை வீடியோ எடுத்து மிரட்டிய பொள்ளாச்சி வழக்கில், ஆரம்பத்தில் ஒரு பெண்ணின் பெயரைப் போலீஸே வெளியே சொல்லிவிட்டது, அது தப்பு; ஆனாலும் விசாரணை மூடிய அறையில் நடந்து, 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது.

சொந்தபந்தம் பேசி அனுப்புவது

கோர்ட்டைவிட இதுதான் கஷ்டம். என் மாமியார் என் அப்பாவின் கூடப் பிறந்தவர், எனக்கு அத்தை. நான் பிரிந்தால் அப்பாவுக்கும் அத்தைக்கும் பேச்சு நிற்கும், அடுத்த சீருக்கு யார் வருவார்கள், தங்கச்சிக்கு மாப்பிள்ளை எப்படி அமையும், இத்தனையும் என் தலையில் ஏறும். ரெண்டு தடவை பேசி அனுப்பினார்கள். வாசலில் கயித்துக் கட்டிலைப் போட்டு எட்டு ஆம்பளைகள் உட்கார்ந்து பேசினார்கள். நான் முழங்கை வரை ரவிக்கையை இழுத்துவிட்டுக்கொண்டு அவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். யாரும் என்னை உட்கார் என்று சொல்லவில்லை, என்ன நடந்தது என்று கேட்கவும் இல்லை. "அனுசரிச்சுப் போ கண்ணு, நகை நட்டெல்லாம் போட்டுக் கொடுத்திருக்கு" என்று பேசி முடித்து அன்றைக்குச் சாயந்திரமே அனுப்பிவைத்தார்கள். அன்றைக்கு ராத்திரி, ஊரைக் கூட்டிவிட்டேன் என்பதற்காகத் தனியாக அடி.

பேச்சுவார்த்தை தவிர்க்கவே முடியாது என்றால் அது அவர் வீட்டில் நடக்கக்கூடாது. பாதுகாப்பு அலுவலர் முன்னால் நடக்கட்டும், இல்லையென்றால் உங்கள் அம்மா வீட்டில். நீங்கள் அதில் உட்கார வேண்டும், நடந்ததை உங்கள் வாயால் சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டதை எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து. அன்றைக்கே திரும்பிப் போகக்கூடாது. "மாறிட்டேன்" என்று சொன்னால் ஆறு மாதம் தனியாக இருந்து, பையனுக்குச் செலவுக்கு ஒழுங்காக அனுப்பிக் காட்டட்டும்.

பெற்றவர்கள் யாராவது இதைப் படித்தால், "இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்காதீர்கள். என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், எண்பது வயது, போனில் ஒரே ஒரு வார்த்தை சொன்னது: "வந்துரு சாமி, எனக்குப் போடற சோத்துல பாதி உனக்கு." நான் கிளம்பியது அந்தச் சொல்லுக்காகத்தான்.

வந்த பிறகு

முதல் மூன்று மாதம் அவர் வராமல் இருக்க மாட்டார். பூவோடு வருவார், குடித்துவிட்டு வருவார், பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார், "பையனை மட்டும் ஒருதடவை பார்த்துட்டுப் போறேன்" என்று பள்ளிக்கூட வாசலில் நிற்பார். கோர்ட் உத்தரவின் நகலை ஹெச்.எம்.மிடம் கொடுத்து, யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கம்பெனி வாட்ச்மேனிடமும் சொல்லி வையுங்கள். வேலைக்குப் போகிற நேரத்தையும் பஸ்ஸையும் மாற்றி மாற்றிப் போங்கள். சில நாள் உங்களுக்கே திரும்பிப் போகலாமா என்று இருக்கும். எனக்குத் தீபாவளிக்கு முந்தின நாள் அப்படி இருந்தது. சொசைட்டி அக்காவுக்குப் போன் பண்ணி ஒரு மணி நேரம் அழுதேன், அவர் பால் அளந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

பையனின் டி.சி.யை அவர் பள்ளியிலிருந்து வாங்க விடவில்லை. டி.சி. இல்லை என்பதற்காக எட்டாம் வகுப்பு வரைக்கும் எந்த அரசுப் பள்ளியும் சேர்க்கையைத் தள்ளிப்போடக்கூடாது, கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு நேராகப் போய்ச் சேர்த்துவிட்டேன். அந்த ரெண்டு காகிதமும் ஒயர்கூடையில் வந்தவை.